தவிட்டுக்கு வாங்கிய பெயர்

1

என் மாமனார் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டிவிடுவோம், அல்லது பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார். கல்யாணமாகி அருள்புரத்துக்கு வந்து அங்கே இருந்த மூன்று வருடத்தில் ஒரு முறைகூட நான் சொன்னதில்லை. பி.காம். படித்தவள்தானே, இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்கலாம். நம்பிக்கை என்று சொல்ல முடியாது. வாய் வராது, அவ்வளவுதான்.

டென்மார்க்கில் வந்து இறங்கிய நாள் முதல் அதுதான் என் பெயர்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர், "அந்தக் கட்டத்தைக் காலியா உட்டீங்கன்னா அங்க போயி அவதிப்படுவீங்க" என்று என் வீட்டுக்காரரின் இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் என்ற இடத்தில் எழுதினார். கல்யாணத்துக்குப் பிறகு என் இனிஷியலும் அதுதானே என்று எனக்கும் எழுதினார். அப்போது இரண்டு வயதான ஹரிணிக்கும் எழுதினார். தவிட்டப்பன். எழுதினால் பரவாயில்லை என்று நானாக ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன்.

துணி ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறையை எடுத்த வருடம் அது. என் வீட்டுக்காரர் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தார். சரக்கு வாங்குகிற கம்பெனி அவரைத் தங்கள் ஊருக்கே கூப்பிட்டுக்கொண்டது. டென்மார்க்கில் ஜூட்லாண்ட் என்ற பகுதியின் நடுவில் ஒரு சின்ன ஊர். இங்கேயும் ஒரு காலத்தில் பின்னலாடை தயாரித்திருக்கிறார்கள். இப்போது அலுவலகமும் கிடங்கும்தான். நம்மூரில் டேப் ஒட்டிய அட்டைப்பெட்டிகளை இங்கே பிரிக்கிறார்கள்.

இங்கே டீச்சரையும் டாக்டரையும்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மருத்துவமனைக்குப் போன் செய்தால், நகராட்சிக்குப் போனால், முதலில் குடும்பப் பெயர் கேட்பார்கள். முதல் தடவை நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். காது கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்கள். யாருமில்லாத வீட்டில் மாமனார் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பிறகு எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார்கள். அது கொஞ்சம் சுலபமாக இருந்தது. தனி எழுத்துகள் யாருடைய பெயரும் இல்லை.

நாலு வருடத்தில் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் சில நாள் உறுத்துகிறது.

2

சித்திரை மாதவாக்கில் ஹரிணியின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. மூன்று கேள்விகள். உன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன, இந்த நாட்டில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது. மூன்றாவதற்கு அரசாங்கத்தின் இணையப் பக்கம் ஒன்று உண்டு. பெயரை அடித்தால் எண்ணிக்கையைச் சொல்லும்.

அவளுடைய டீச்சர் மெத்தே. அவர் குடும்பப் பெயர் யென்சன். யென்ஸின் மகன் என்று அர்த்தம். லட்சக்கணக்கில் யென்சன்கள் இருக்கிறார்கள். எங்களுக்கும் முன்பெல்லாம் அப்பா பெயர்தான், தலைமுறைக்குத் தலைமுறை மாறும், பிறகு சட்டம் போட்டு அப்படியே நிறுத்திவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். எந்த யென்ஸ் என்று யாருக்கும் தெரியாதாம். எனக்கு என் யென்ஸைத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். அந்த அளவுக்கு டேனிஷ் வரவில்லை.

ஹரிணி எங்கள் பெயரை அடித்தாள். மூன்று என்று வந்தது.

அவள் சோபாவின் மேல் ஏறிக் குதித்தாள். நாடு முழுக்க நாம் மட்டும்தான் என்று டேனிஷில் பாடினாள். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் எப்போதும் ஒரே காரில்தான் போகிறோம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பொருள் என்ன என்ற கேள்வியில் நின்றுவிட்டேன். தவிடு தெரியாதவளா நான். சின்ன வயதில் என் அண்ணன் என்னை அழவைப்பதற்கென்றே வைத்திருந்த வார்த்தை அது: உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம். ஆனால் ஒரு மனிதருக்கு அதையே பெயராக ஏன் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சொல்லக் கூடாத பெயரைப் பற்றி எப்படிக் கேட்பது? அகராதியில் பார்த்தேன். டேனிஷில் தவிட்டுக்கு ஒரு வார்த்தை இருந்தது. மாட்டுத் தீவனம் என்று போட்டிருந்தது. ஹரிணியின் வகுப்பில் இருபது பிள்ளைகள். அவர்கள் மாடு மாதிரிக் கத்துவது இப்போதே எனக்குக் கேட்டது.

"ஒரு கடவுளின் பெயர்" என்று எழுதிக் கொடுத்தேன்.

மெத்தே அதை வகுப்புச் சுவரில் மாட்டினார். ஹரிணி பக்கத்தில் ஒரு கிரீடம் வரைந்திருந்தாள். தினமும் மூன்று மணிக்கு அவளைக் கூப்பிடப் போகும்போது அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து நான் தரையைப் பார்த்து நடந்தேன்.

3

அதே மாதத்தில் என் வீட்டுக்காரர் ஒரு படிவம் கொண்டுவந்தார். குடும்பப் பெயரை மாற்றுவதற்கானது. ஆபீசில் எல்லோரும் குடும்பப் பெயரைச் சுருக்கி அவரை 'டாவி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவர் பெயரின் பின்பாதி குமார். அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளலாம், ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து என்றார். எனக்கு அப்போது மாதம் தள்ளிப்போயிருந்தது.

"வர்ற குழந்தைக்காவது சின்னப் பேரா இருக்கட்டும்" என்றார். பிறகு, ஜூலையில் ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் நீயே சொல்லிவிடு என்றார். நீ சொன்னால் சங்கடப்பட மாட்டார். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் ஹரிணியும் மட்டும் போவதாக இருந்தது. நான் சரி என்றேன். படிவத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஊருக்குப் போகிற பெட்டியில் ஹரிணியின் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

நாங்கள் இருவரும் பேசாத ஒன்று அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, நவம்பரில், எங்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ரொம்ப முன்னாடியே பிறந்துவிட்டான். ஒன்றரை நாள் இருந்தான். பெயர் எதுவும் யோசித்து வைக்கவில்லை. பிறப்பதற்கு முன்னால் பெயர் வைக்கிற பழக்கம் நமக்கு இல்லையே. காலில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். அதில் 'ஆண் குழந்தை தவிட்டப்பன்' என்று இருந்தது.

இங்கே பிறப்பு, இறப்பு, பெயர் எல்லாவற்றையும் அந்தந்த வட்டாரத்துச் சர்ச் ஆபீசில்தான் பதிய வேண்டும். எந்த மதமானாலும் அங்கேதான். அங்கே இருந்த அம்மாள், குழந்தைக்கு ஒரு பெயர் எழுதிக்கொள்ளட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் தலையாட்டி மறுத்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் பதிவேட்டிலும் அவ்வளவுதான் இருக்கிறது.

போன் கார்டில் அருள்புரத்துக்குச் சொன்னோம். குழந்தை தங்கவில்லை என்றார் இவர். மாமனார் சரி என்றார். பிறகு, "அம்மிணி சாப்பிட்டாளா?" என்று என்னைப் பற்றிக் கேட்டார். கார்டில் காசு தீர்ந்து லைன் போய்விட்டது.

அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. பாத்திரம் கழுவினேன், ஹரிணியைப் பாலர் பள்ளிக்கு அனுப்பினேன், துணி மடித்தேன். இப்போது படிவத்தைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு கணக்கு மட்டும் தோன்றியது. நாங்கள் மூவரும் குமார் ஆகிவிட்டால், அந்தப் பெயரோடு இந்த நாட்டில் இருப்பது அவன் ஒருவன்தான். இணையப் பக்கமோ உயிரோடு இருப்பவர்களை மட்டும் எண்ணும். அடித்தால் பூஜ்யம் என்று வரும்.

இதை இவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் தெரியவில்லை.

4

மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். மாமனார் வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகையில் எட்டு மிஷின் வைத்துப் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறார். பவர்டேபிள் என்பார்கள். பக்கத்தில் ஒரு மாடும் உண்டு. மிஷின் சத்தத்துக்கு அது பழகிப்போய் அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

ஜூலையில் நாங்கள் ஊருக்குப் போன நாலாம் நாள் காலையில் கரண்ட் போனது. அது தினமும் போகும் நேரம். மிஷின்கள் நின்றன. பெண்கள் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹரிணி அவர்கள் நடுவில் போய் நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தைக்கிற செல்வராணி, "ஏ பிள்ள, ஒம் பேரென்ன?" என்று கேட்டாள்.

"ஹரிணி தவிட்டப்பன்" என்றாள் இவள், அட்டெண்டன்ஸ் சொல்வது மாதிரி.

எல்லோரும் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். அங்கே மாமனார் எல்லோருக்கும் அண்ணன், முதலாளி. அந்தப் பெயர் அந்தக் கொட்டகையில் காதில் விழுந்ததே இல்லை. மாமனார் கட்டிங் டேபிளில் காலர் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஹரிணி தன் தாத்தாவிடம் போய், அவளுடைய பாதி டேனிஷ் தமிழில் கேட்டாள்.

"அப்பாரு, நீங்க சாமியா? அம்மா அப்படித்தான் ஸ்கூல்ல எழுதினாங்க."

நான் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாமியா?" அவர் சிரித்தார். "அது மாட்டுக்கு வெக்கற தவுடு கண்ணு. வா, காட்டறேன்."

மாட்டுத் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய், மூட்டைக்குள் கைவிட்டு, அவள் உள்ளங்கையில் ஒரு பிடி தவிடு வைத்தார். அப்படியே நின்று சொன்னார். அவருக்கு முன்னால் மூன்று குழந்தைகள் தங்கவில்லை. இவர் பிறந்த மூன்றாம் நாள், அவர் அம்மா இவரை வாசற்படிக்கு வெளியே நின்ற பக்கத்து வீட்டுப் பெண் கையில் கொடுத்து, இது உன் பிள்ளை என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் வெளியே நின்றபடி, பிள்ளை வேணுமா என்று கேட்டாள். ஒரு முறம் தவிடு விலை. கொடுத்து வாங்கி உள்ளே கொண்டுவந்தார்கள்.

"உசுரத் தேடிட்டு வர்றவன் வந்து பாத்தான். இது இந்த ஊட்டுப் புள்ள இல்லையே, வெலைக்கு வாங்குனதாச்சேன்னு போயிட்டான்."

"எங்க ஊர்ல இதுக்குப் பிச்சைன்னு வப்பாக" என்றாள் செல்வராணி. "எங்க சித்தப்பா பேரு பிச்சை. ரெண்டு லாரி வச்சிருக்காரு."

இப்போது தைரியமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே ஹரிணி சொன்னாள், அப்பா நம் பெயரை மாற்றப் போகிறார், பாப்பாவுக்காக, குமார் என்று. அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. பெண்களில் யாருக்கும் அது கேட்டிருக்காது. மாமனாருக்குக் கேட்டது. கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்டார். "பாரம் ஏதாச்சும் இருக்குதா அம்மிணி?"

படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். டேனிஷில் அச்சடித்ததை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார்.

"நானு எங்க கையெழுத்துப் போடோணும்?"

"நீங்க போட வேண்டியதில்லீங்க மாமா. நாங்க போட்டாப் போதும்ங்க."

அதைச் சொன்ன பிறகுதான் எப்படிச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பத்தாவது படிக்கும்போது தானும் மாற்றப் பார்த்ததாகச் சொன்னார். பையன்கள் இவரைப் பார்த்தாலே மாடு மாதிரிக் கத்துவார்களாம். ஹெட்மாஸ்டரிடம் போய் ராஜேந்திரன் என்று எழுதச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னபோது, அவர் அம்மா திட்டவில்லை.

"மாத்திக்கடா சாமி, ஆனா வாசல்ல நின்னுட்டுச் சத்தமாச் சொல்லீராதன்னா. போனவன் காதுல உளுந்துருமாமா."

மறுநாள் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதெல்லாம் அந்தக் காலத்துப் பயம், உங்களுக்கு அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றார். "நீங்க மாத்திக்குங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

அதோடு விட்டிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, சம்மதமும் கிடைத்துவிட்டது. ஆனால் என் வாய் தானாகத் திறந்தது.

"மாமா, அந்தக் குழந்தைக்கு அந்தப் பேரு மட்டும்தாங்க இருந்துச்சு. ஒரு பட்டையில எழுதிக் கட்டியிருந்தாங்க."

படிவத்தை மடிப்பு கலையாமல் மடித்துக் கவருக்குள் வைத்தார். கொட்டகைக்குப் போய்விட்டார். சாயந்திரம் பால் சொம்போடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கையில கட்டியிருந்தாங்களா, கால்லயா?"

"கால்லீங்க."

சொம்பை மேடை மேல் வைத்துவிட்டுப் போனார்.

5

திரும்பி வந்ததும் இவர் கேட்டார், சொன்னாயா என்று. சொன்னேன் என்றேன். அப்பா என்ன சொன்னார்? மாற்றிக்கொள்ளச் சொன்னார். எல்லாம் உண்மைதான். கையெழுத்துப் போடுகிற இடத்தைப் பென்சிலில் குறித்து என் பக்கம் வைத்தார். நான் போடவில்லை. ஏன் என்று அவர் கேட்கவுமில்லை. இரண்டு மாதம் அது பிரிட்ஜின் மேல் கிடந்தது. ஒருநாள் பின்பக்கத்தில் ஹரிணி ஒரு மாடு வரைந்திருந்தாள்.

அவள் முதல் வகுப்புக்குப் போய்விட்டாள். சுவரில் இருந்த தாளை லீவிலேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவளாகப் போய் மெத்தேயிடம் திருத்திச் சொல்லியிருக்கிறாள்: கடவுள் இல்லை, மாட்டுத் தீவனம், அப்பாருவை அதைக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். உண்மையா என்று மெத்தே என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். பிள்ளைகள் யாரும் மாடு மாதிரிக் கத்தவில்லையாம். எவ்வளவு தவிடு என்று மட்டும் கேட்டார்களாம்.

நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறைந்து பிறந்தாள். காலில் பட்டை கட்டியிருந்தார்கள். நான் அதைப் படிக்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று தெரியும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இவர் ஹரிணியைக் கூப்பிடப் பள்ளிக்குப் போனார். ஒன்பதாம் மாதத்திலேயே சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பை கோதுமைத் தவிடு வாங்கி மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இங்கே அதை மனிதர்கள்தான் சாப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் கியர்ஸ்டனுக்குப் போன் செய்து ஒரு நிமிடம் வரச் சொன்னேன். கோழி வளர்க்கிறவர். மரச்செருப்போடு வந்தார்.

என்ன சொல்வது என்று பல நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். குழந்தை, விற்பது என்ற இரண்டு வார்த்தைகளையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால் நகராட்சிக்குப் போன் போய்விடுமோ என்று பயம். அதனால், எங்கள் ஊர் வழக்கம், இவளை வாங்கிக்கொண்டு கொஞ்சம் வெளியே நில்லுங்கள், நான் இந்தப் பையைத் தருவேன், நீங்கள் அவளைத் தர வேண்டும் என்று மட்டும் டேனிஷில் சொன்னேன். படிக்கு வெளியே நின்று கையை நீட்டினார். "இது உங்க புள்ளைங்க" என்று தமிழில் சொல்லிக் கொடுத்தேன். "யா, யா" என்றார். காற்று அடித்தது. குழந்தையின் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் பையை நீட்டினேன். அவர் குழந்தையைத் தந்தார். கதவைச் சாத்திக்கொண்டேன். நன்றாகப் படித்த பெண் செய்கிற காரியமா என்று யோசித்தேன்.

மறுநாள் மத்தியானம் கியர்ஸ்டன் ஒரு துணியில் சுற்றி ஆறு பன் கொண்டுவந்தார். நீ தந்த தவிட்டைப் போட்டுச் செய்தது என்றார். நன்றி சொல்லி வாங்கிவிட்டேன். கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. விலை திரும்பி வந்துவிட்டது. வாங்காமல் இருந்திருக்க வேண்டுமா? திருப்பிக் கொடுக்கலாமா? குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பிறகு கார்டைத் தேடி எடுத்து அருள்புரத்துக்குப் போன் செய்தேன்.

மிஷின் சத்தத்துக்கு நடுவில் மாமனார் குரல் கேட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் யாரிடமோ மிஷினை நிறுத்தச் சொன்னார். சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"தவுடாவே திருப்பிக் குடுத்தாங்களா அம்மிணி?"

"இல்லீங்க மாமா. பன்னாச் சுட்டுக் குடுத்தாங்க."

அவர் யோசித்தார். அந்த நேரத்தில் நான் எதையும் நினைக்கவில்லை.

"அப்பத் தவுடு செலவாயிருச்சு. யாவாரம் முடிஞ்சுது. எத்தன பன்னு?"

"ஆறுங்க."

"மீதி வெக்காமத் தின்னு தீத்துருங்க."

கொஞ்ச நேரத்தில் இவர் ஹரிணியோடு வந்தார். மேசை மேல் தட்டைப் பார்த்து ஏது என்று கேட்டார். நான் சொன்னேன், கியர்ஸ்டன், வாசல், தவிடு, மாமனார் போனில் சொன்னது, எல்லாவற்றையும். அவர் ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். பிறகு அதையும் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து ஒரு பன்னை எடுத்தார். ஆளுக்கு இரண்டு. தட்டில் கிடந்த துணுக்குகளை அவர் விரலால் ஒற்றி ஒற்றி எடுத்து, ஒன்று விடாமல் வாயில் போட்டுக்கொண்டார்.